வளர்ச்சி நின்ற பிறகும் வளர்ச்சி ஊசியா?

பெண் வளர்கிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்துவிடுவது உங்களுக்குப் பழக்கமான வேலைதான். பதினாறு, பதினேழு வயதுக்குப் பிறகு அந்த வேலை இல்லை. எலும்பின் வளரும் நுனிகள் மூடிக்கொண்டுவிடுகின்றன. இனிமேல் உயரம் கூடாது. அப்படியிருக்க, இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இரவுதோறும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்றால், "இதென்ன வேடிக்கை?" என்றுதானே கேட்பீர்கள்?

வேடிக்கை இல்லை, சகோதரி. 'பிராடர்-வில்லி' என்று ஓர் அபூர்வக் கோளாறு உண்டு. 1956-ல் ஸ்விட்ஜர்லாந்தின் ஜூரிச் நகரத்து டாக்டர்கள் பிராடர், லாப்ஹார்ட், வில்லி மூவரும் இதை முதலில் விவரித்தார்கள். 15-வது குரோமோசோமில் தகப்பனார் வழியாக வரவேண்டிய சில மரபணுக்கள் இல்லாமலோ, வேலை செய்யாமலோ போவதுதான் காரணம். பெரும்பாலும் இது தற்செயலாக நேர்வது. தகப்பனார் பேரிலும் குற்றமில்லை; தாயார் பேரிலும் குற்றமில்லை.

இந்தக் குழந்தை பிறந்தவுடன் துணிபோல் துவண்டு கிடக்கும். பால் குடிக்கவும் தெம்பிராது. சில வருஷங்கள் போனால் எல்லாம் தலைகீழாகிவிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. 'போதும்' என்று சொல்லவேண்டிய மூளைப் பகுதி அதைச் சொல்வதே இல்லை. வளர்ச்சி ஹார்மோனும் உடம்பில் குறைவாகவே சுரக்கும்.

அந்த ஹார்மோனுக்கு உயரம் ஒன்றுதான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தசையை வளர்ப்பதும், கொழுப்பைக் கரைப்பதும், எலும்பைப் பேணுவதும் அதன் வேலைகளே. இந்தக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுக்க அமெரிக்காவில் 2000-ல் அனுமதி கிடைத்தது. பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளிலும் தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. மாடிப்படி ஏறினால் இளைக்கிற உடம்புக்கு இது சின்ன லாபமா?

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த ஊசி பசியைத் தணிக்காது. அளவுச் சாப்பாடும் தினசரி நடையும் இல்லாவிட்டால் ஊசியால் மட்டும் காரியம் ஆகாது. அந்தப் பசிக்கென்று ஒரு மருந்து, டயாசாக்சைடு கோலின், அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 2025-ல்தான்.

ஊசி எல்லோருக்கும் ஆகாது. மிதமிஞ்சிய பருமன், கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதி, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் கடுமையான உபாதை, புற்றுநோய் இவை இருந்தால் கூடாது. கால் வீங்கலாம், சர்க்கரை ஏறலாம். ஹார்மோன் வைத்தியத்தில் தேர்ந்த டாக்டர் அவ்வப்போது ரத்தத்தைச் சோதித்து அளவை நிர்ணயிக்க வேண்டும். உயரமாக வேண்டும் என்ற ஆசையில் மற்றவர்கள் இந்த ஊசியைத் தேடிப் போவது வீண், ஆபத்தும்கூட.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் சமையலறை பூட்டியிருக்கும்; அலமாரிச் சாவி தாயாரின் இடுப்பில் இருக்கும். "பெற்ற பிள்ளைக்குப் பூட்டிப் பூட்டி வைக்கிறாளே!" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பூட்டு அவளுடைய கஞ்சத்தனம் அல்ல; பிள்ளையின் உயிருக்குக் காவல். "ஒரே ஒரு லட்டுதானே" என்று அவளுக்குத் தெரியாமல் கையில் திணிப்பது அன்பாகாது.

அந்த வீட்டுக்குப் போகும்போது பட்சணப் பொட்டலம் வேண்டாம். இரண்டு முழம் மல்லிகைப் பூ வாங்கிப் போங்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு கடைத்தெரு இல்லாத பக்கமாக அரை மணி நேரம் காலாற நடந்துவிட்டு வாருங்கள். ஊசி வளர்த்துக் கொடுக்கும் தசைக்கு வேலை கிடைக்கும்; சாவியைச் சுமக்கும் தாயாருக்குச் சற்று மூச்சு விட நேரம் கிடைக்கும்.