எழுதியதைக் கொடுத்தால் போதுமா?

'மருந்தியல் பாடம் டாக்டருக்குத்தான், எழுதியதைக் கொடுக்கத் தெரிந்தால் நர்ஸுக்குப் போதும்' என்கிறார்கள். சரி, கேஸ் ஷீட்டில் 'இன்சுலின் 20 யூனிட்' என்று இருக்கிறது. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் வருகிறது, 100 யூனிட் உள்ளதும் வருகிறது. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட்! டாக்டர் எழுதியது சரி. நர்ஸும் 'எழுதியபடி'தான் கொடுத்தார். நோயாளிக்குத்தான் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும்.

இதய மருந்தான டிகாக்சினைக் கொடுக்கும் முன் இதயத்துடிப்பை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே என்றால் கொடுக்காமல் டாக்டரைக் கேட்க வேண்டும். காலையில் எழுதிய சீட்டுக்கு மாலைத் துடிப்பு தெரியுமா என்ன? பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேராக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். இதெல்லாம் டாக்டருக்கு மட்டுமான பாடமாம்!

நர்சிங் படிப்பில் பாடச்சுமை அதிகம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பக்கவிளைவுப் பட்டியல்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்க வைப்பது வீண்தான். வெட்டுவதென்றால் அதை வெட்டுங்கள். அளவுக் கணக்கில் கை வைக்காதீர்கள்.