தைக்கிறவரிடம் கேட்டோமா?

2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஷட்டர்கள் இறங்கின. வெளிநாட்டு ஆர்டர்கள் பல ரத்தாயின. அடுத்த சில வாரங்களில் அதே ஊரில் பல கம்பெனிகள் முகக்கவசமும், மருத்துவர்களுக்கான முழு உடல் கவச உடையும் தைக்கத் தொடங்கிவிட்டன. அந்த வேகத்தை நாடே பாராட்டியது, பாராட்டத் தகுந்ததுதான். அந்த வேகத்தின் பாரத்தைச் சுமந்தவர் யார் என்பதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களில் அதை ஓட்டிப் பழகிய கைக்கு வேகம்தான் கூலி. கவச உடைக்கான துணியோ பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, நீளாது. ஊசி இறங்கிய இடம் ஓட்டையாகவே நின்றுவிடும், பிரித்துத் தைக்கவும் முடியாது. தையல் கோடு முழுவதையும் சூடான காற்றடிக்கும் மெஷினில் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். பிறகு கோவை சிட்ரா ஜவுளி ஆய்வகத்தில் செயற்கை ரத்தம் செலுத்திச் சோதிப்பார்கள். கசிந்தால் தேறாது. வேகத்துக்குக் கூலி வாங்கியவரை ஒரே வாரத்தில் நிதானத்துக்கு மாறச் சொல்வது இது. பீஸ் ரேட்டை அப்படியே வைத்துக்கொண்டு இப்படி மாற்றினால், வேலை பழகும் நாட்களின் நட்டம் முழுக்க டெய்லர் தலையில்தான் விழும். பழகும்வரை ஷிப்ட் கூலி, பழகிய பின் அவர்களோடு உட்கார்ந்து பேசிய ரேட் என்பதே நியாயம். தையல் எங்கே பிசகுகிறது என்பது முதலாளிக்கு முன் செக்கிங் பெண்ணுக்கும் டெய்லருக்கு உதவும் கைமடிக்கும் தெரியும்.

பண உதவியும் கீழே வரை இறங்கவில்லை. 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டம், பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதத்தைக் கூடுதலாகத் தந்தது. வங்கியில் கடனே வாங்காமல் கைமாற்றிலும் சீட்டுப் பணத்திலும் பத்து மெஷின் ஓட்டி, கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துத்தரும் பவர் டேபிள்காரருக்கு 20 சதவீதம் என்பது எதில்?

சட்டத்துக்கு வருவோம். கூலியையும் வேலை நேரத்தையும் மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். தொற்று அத்தனை நாள் பொறுக்காது என்பதை ஏற்கிறேன். 2020-இல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, அவசர நிலையில் ஷிப்டை உடனே மாற்ற வழிவிடுகிறது. ஆனால் குறைதீர்க்கும் குழுவைக் கலந்துகொள்ளச் சொல்கிறது. அந்தக் குழு 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில்தான் கட்டாயம். பவர் டேபிள்கள் பலவும் இந்தக் கணக்குக்குள் வராது.

ஆகவே ஏற்றுமதியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தொற்று வரும்வரை காத்திராமல் இந்தக் குழுவை இப்போதே அமையுங்கள். உங்களுக்கு ஜாப் ஒர்க் செய்துதரும் பவர் டேபிளின் டெய்லருக்கும் அதில் ஒரு நாற்காலி போடுங்கள்.