வீட்டுக்கல்விக்கு ஏன் இந்தக் கெடுபிடி?

பேலா எனப்படும் தென்னாப்பிரிக்காவின் கல்விச் சட்டத் திருத்தத்தில் அதிபர் ராமபோசா 2024 செப்டம்பர் 13 அன்று கையெழுத்திட்டபோது, பள்ளிச் சேர்க்கை, பயிற்றுமொழி குறித்த பிரிவுகள் மட்டும் கலந்தாலோசனைக்காக மூன்று மாதம் தள்ளிவைக்கப்பட்டன. பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் விண்ணப்பித்துப் பதிவு பெறும் முறை 1996 பள்ளிகள் சட்டத்திலேயே உண்டு. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. தகுதியுள்ள மதிப்பீட்டாளரைப் பெற்றோரே தேடிப்பிடித்து, கைக்காசு கொடுத்துப் பிள்ளையைச் சோதிக்க வைத்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைத் துறையிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதே அநியாயம். அரசுப் பள்ளிப் பிள்ளையை யார் சோதிப்பது, செலவை யார் ஏற்பது என்று அதன் பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை. ஊனமுற்ற பிள்ளைக்கு எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்காமல், வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து எழுத்துக் கற்பிக்கும் தாய் மட்டும் பணம் கட்ட வேண்டுமா? அந்தப் பிள்ளையின் தேர்ச்சி அரசுப் பள்ளித் தரத்துக்குக் குறையக் கூடாதாம். எந்தத் தரம்? பிர்ல்ஸ் எனப்படும் பன்னாட்டு வாசிப்புத்திறன் ஆய்வின் 2021 முடிவின்படி, அந்நாட்டின் நான்காம் வகுப்பு மாணவர்களில் 81 விழுக்காட்டினருக்குப் படித்ததன் பொருள் விளங்கவில்லை.

கண்காணிப்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் கொடுமைக்கு ஆளானாலும் வெளியே தெரியாது என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால், பிள்ளை எங்கே இருக்கிறது, யார் கற்பிக்கிறார்கள் என்பதைப் பதிவே சொல்லிவிடும். மதிப்பீட்டாளரின் கட்டணச் சீட்டு எந்தப் பிள்ளையையும் காப்பாற்றாது.

கணக்குக் கேட்கும் இந்தத் துறையினர் கொடுத்த கணக்கு என்ன? 2012இல் லிம்போப்போ மாகாணத்தில் ஜனவரியில் பள்ளி திறந்தும் பாடநூல் வரவில்லை. மே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் குறித்த தேதிக்குள் வந்துசேரவில்லை. 2014இல் அதே மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் பள்ளியின் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து செத்தான். உரிய இழப்பீட்டுக்காக அவன் குடும்பம் 2019 வரை நீதிமன்றப் படியேறியது. இவற்றுக்காகப் பதவியில் இருந்த எவரும் சிறை செல்லவில்லை. பதிவு பெறாமல் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றோருக்கோ, ஆறு மாதமாக இருந்த அதிகபட்சச் சிறைத்தண்டனை இப்போது பன்னிரண்டு மாதம். வீட்டுக்கல்விப் பெற்றோரை அழைத்துப் பேசி இந்த மதிப்பீட்டுப் பிரிவைத் திருத்த வேண்டும். அதுவரை ஒரு தாயையோ தந்தையையோ இதற்காகக் கூண்டில் ஏற்றக் கூடாது.