செகண்ட் ஷை எடுக்கிற பிள்ளையும் ‘திரில்லர்’ அல்பமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பரீட்சை எழுதுகிற பிள்ளை இருப்பவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன கிழமை ஒரு கலியாண வீட்டு வாசலில், என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் உம்மாவைக் கண்டேன். “மகள் வரல்லையா?” என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இல்ல சேர், அவ செகண்ட் ஷை எடுக்கிறா. ரிசல்ட் வந்ததில இருந்து ஒரு இடத்துக்கும் வாறல்ல. ஆக்கள் கேப்பாங்க எண்டு பயப்புடுறா.”

வீட்டில் ஏதோ மறைக்க வேண்டிய விஷயம் நடந்துவிட்டது போலத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஏனென்றால் அந்தப் பிள்ளை பயப்படுகிற “ஆக்கள்” வேறு யாருமில்லை. நான், நீங்கள், நாங்கள் எல்லோரும்தான். வாசலிலேயே “மகள் எங்கே?” என்று கேட்டவனும் நான்தானே!

வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தபோது ஞாபகத்துக்கு வந்த ஆள் மைக்கல் ஜக்சன். சிரிக்காதீர்கள். ஒரு கதை சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இசை கூடுமா கூடாதா என்பது இந்தப் பதிவின் விஷயமில்லை. அதில் பேச எனக்குத் தகுதியும் இல்லை, உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டுக் கேளுங்கள் என்று யாருக்கும் சொல்லவும் வரவில்லை. ஒரு வேலை எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1979இல் மைக்கல் ஜக்சன் ‘ஒஃப் த வோல்’ என்று ஓர் அல்பம் வெளியிட்டார். நன்றாக விற்றது. பத்திரிகைகளும் பாராட்டின. அடுத்த வருடம் கிராமி விருது நேரம் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு விருது, அதுவும் கறுப்பர் இசைக்கென்று ஒதுக்கிய ஒரு பிரிவில். பெரிய விருதுகளுக்கு அவருடைய பெயரே வரவில்லை. வீட்டில் இருந்து டிவியில் அதைப் பார்த்து மனமுடைந்து போனதாகப் பிறகு தன்னுடைய சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அடுத்த அல்பத்தை யாராலும் கவனிக்காமல் விட முடியாதபடி செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தார். அப்போது அவருக்கு 21 வயது. எங்கள் ஊரில் இரண்டாம், மூன்றாம் ஷை எடுக்கிற பிள்ளைகளின் வயது.

அந்த அடுத்த அல்பம்தான் ‘திரில்லர்’. 1982 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெஸ்ட்லேக் ஸ்டூடியோவில் வேலை தொடங்கியது. தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸ். ஒலிப்பதிவுப் பொறியியலாளர் புரூஸ் ஸ்வீடியன். முப்பது பாட்டுகள் அளவில் எடுத்துப் பார்த்து, அதிலிருந்து ஒன்பதைத்தான் தெரிந்தார்கள்.

மைக்கல் ஜக்சனுக்கு இசைக் குறியீடு எழுத வராது. மனதில் வருகிற ட்ரம், பேஸ், கிட்டார் எல்லாவற்றையும் வாயாலேயே பாடி டேப்பில் பதிந்து கொண்டுவந்து, “இப்படித்தான் வேண்டும்” என்று வாத்தியக்காரர்களுக்குக் காட்டுவார். பாடுகிற நாளில் முதலில் குரல் பயிற்சி ஆசிரியரோடு பயிற்சி. பிறகுதான் மைக். ஸ்வீடியன் சொல்கிற ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும்: பாட்டு எழுதிய தாளை மைக்கல் முன்னால் வைத்துப் பார்த்துப் பாடியதே இல்லையாம். முதல் நாள் இரவே மனப்பாடம் செய்துவிட்டு வருவாராம், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பாடுவாராம். ஐந்து வயதிலிருந்து மேடை ஏறியவர், உலகமே பேர் அறிந்தவர். அவருக்கே முதல் நாள் இரவுப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

அல்பத்தின் பெயரைக் கூடப் பாருங்கள். ரொட் டெம்பர்டன் என்ற பாடலாசிரியர் அந்தப் பாட்டை முதலில் எழுதியபோது அதன் பெயர் ‘ஸ்டார்லைட்’. அதாவது நட்சத்திர வெளிச்சம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இதைவிட நல்ல தலைப்பு வேண்டும் என்று குயின்ஸி சொல்ல, அவர் ஹோட்டல் அறையில் இருந்து நூற்றுக்கணக்கான தலைப்புகளை எழுதிப் பார்த்து, ஒன்றைத் தெரிந்து வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். காலையில் எழும்பும்போது வாயில் வந்த சொல் ‘திரில்லர்’. “கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துட்டு” என்று நாங்கள் சொல்வோம். அதற்கு முன்னால் கழித்த நூற்றுக்கணக்கான தலைப்புகள் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த இடம்.

அந்த வருடம் கோடைகாலத்தில் ‘ஈ.டி.’ படத்துக்கு ஒரு கதைசொல்லும் இசைத்தட்டு செய்கிற வேலையும் இதே குழுவின் தலையில் விழுந்தது. அதனால் நாள் நெருங்க நெருங்கக் கடும் அவசரம். கடைசியில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளில் வேலை நடந்தது, ஒரு பக்கம் குரல், ஒரு பக்கம் கிட்டார் என்று. கம்பனிக்காரர்கள் அல்பத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஒருவாறு எல்லாம் முடிந்து, எல்லோரும் கூடி இருந்து போட்டுக் கேட்டார்கள்.

கேட்கவே முடியவில்லை. அவ்வளவு மோசம்.

காரணம் இருந்தது. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டை நெருக்கினால், தட்டில் வெட்டுகிற கோடுகள் ஒடுங்கிவிடும். கோடு ஒடுங்கினால் சத்தம் மெலியும், அடித்தொனி போய்விடும். இவர்கள் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். அதோடு, பல தடங்களில் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கிற ‘மிக்சிங்’ வேலையும் அவசரத்தில் செய்தது.

மைக்கல் ஜக்சன் அழுதுவிட்டார். இதை வெளியிட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட்டார். ஏழரை இலட்சம் டொலர் செலவு. ஏழு மாத வேலை. குறித்த நாள் தலைக்கு மேல். அந்த நேரத்தில் உலகத்திலேயே அதிகம் விற்ற அல்பம் என்று இன்றைக்கு நாங்கள் சொல்கிற பொருள், பெயிலான ஒரு பேப்பராக அந்த அறையில் கிடந்தது.

பிறகு என்ன செய்தார்கள்?

முதலில் காதுக்குச் சில நாள் ஓய்வு கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு பாட்டாக எடுத்து மிக்சிங்கைத் திரும்பச் செய்தார்கள். நீளத்தைக் குறைத்தார்கள். கடைசிப் பாட்டில் ஒரு பகுதியையே வெட்டினார்கள். கஷ்டப்பட்டு எழுதியது, அழகாகப் பாடியது, ஆனாலும் இடமில்லை என்றால் வெட்டத்தான் வேண்டும். எல்லாம் முடிந்து நின்ற ஒன்பது பாட்டும் சேர்ந்து சுமார் 42 நிமிடம்.

1982 நவம்பர் முடிவில் அல்பம் வெளியானது. அமெரிக்காவில் 37 கிழமை முதலாம் இடம். ஒன்பது பாட்டில் ஏழு, முதல் பத்துக்குள் வந்தன. 1984 பெப்ரவரியில் அதே கிராமி மேடையில் ஒரே இரவில் எட்டு விருது. அதில் ஒன்று, இடையில் வந்து நேரத்தைத் தின்ற அந்த ‘ஈ.டி.’ இசைத்தட்டுக்கு!

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

அந்த அறையில் எங்கள் ஆட்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? “உனக்கு இது சரிவராது, வேற வேலையைப் பாரு.” “பெரியப்பாட மகன் ஒரே தரத்தில செஞ்சானே.” இன்னும் சிலர், “பரவால்ல, இருக்கிறத வெளியிடு, சனம் கேட்டா சமாளிப்போம்.” இரண்டுமே பிள்ளையைக் கெடுக்கிற பேச்சு. முதலாவது பேச்சு திரும்ப முயற்சி செய்கிற கதவை மூடுகிறது. மற்றது, பிழை இருக்கிறது என்பதையே மறைக்கிறது.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை எழுத நாடே இடம் தந்திருக்கிறது. அந்த இடத்தைத் தர மறுப்பது எங்கள் திண்ணைகளும் கலியாண வீடுகளும்தான்.

ஆனால் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரும்பச் செய்வது மட்டும் போதாது. ‘பில்லி ஜீன்’ பாட்டுக்கு ஸ்வீடியன் 91 தடவை மிக்சிங் செய்தார் என்பது அவரே சொன்ன கதை. கடைசியில் குயின்ஸி, “அந்த இரண்டாவதை ஒருக்காப் போடு பார்ப்போம்” என்ற மாதிரிக் கேட்டிருக்கிறார். போட்டால், அதுதான் நல்லது. வெளிவந்ததும் அந்த இரண்டாவதுதான். 91 தடவை செய்வதால் ஒன்று நல்லதாகிவிடாது. எங்கே பிழை என்று தெரிந்து செய்தால்தான் நல்லதாகும். செகண்ட் ஷை என்று சொல்லி அதே நோட்ஸை, அதே டியூசனில், அதே மாதிரி இன்னொரு வருடம் வாசிப்பதில் பயனில்லை. எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில், நேரம் போதாமலா, விளங்காமலா என்று உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் பாட்டுப் பாட்டாக எடுத்தது போல.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக்கல் ஜக்சனின் வாழ்க்கையைப் பின்பற்றச் சொல்லி நான் எழுதவில்லை. சிறு வயதில் தகப்பன் பெல்ட்டால் அடித்துத்தான் ஒத்திகை பார்க்க வைத்தார். வாப்பாவைக் கண்டாலே பயத்தில் வாந்தி வந்த நாட்கள் இருந்ததாக அவரே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். பிறகு பாரதூரமான குற்றச்சாட்டுகள் வந்தன. 2005இல் நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று தீர்த்தது, ஆனாலும் சர்ச்சை இன்று வரை ஓயவில்லை. 2009இல் 50 வயதில், மயக்க மருந்து உடலில் ஏறி மரணித்தார். “அடிச்சு வளத்ததாலதான் பெரிய ஆளானான்” என்று யாராவது சொன்னால், அந்த முடிவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘திரில்லர்’ திருந்திய அறையில் பெல்ட் இருக்கவில்லை. பிழையைப் பிழை என்று சொல்லவும், கூட இருந்து திருத்தவும் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைக்குத் தேவை அந்த அறைதான்.

கடைசியாக என்னைப் பற்றி. ரெய்னிங் கொலிஜ்ஜில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, விடையை மட்டும் பாராதே, பிள்ளை அந்த விடைக்கு வந்த வழியையும் பார் என்று. சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்ததோடு நான் அதை மறந்துவிட்டேன். போன வருடம் ஒரு பையன், நான் குறைந்த புள்ளி போட்ட கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். “இனி என்னத்துக்கு? மார்க்ஸ் போட்டு முடிஞ்சே” என்று கொப்பியைத் திறந்தும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அவன் அதற்குப் பிறகு எதையும் திரும்ப எழுதிக் கொண்டுவரவில்லை. அன்றைக்கு அவனுடைய முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த உம்மாவை விட நான்தான் வெட்கப்பட வேண்டியவன்.

அதனால் இந்தத் தவணையிலிருந்து என் வகுப்பில் கட்டுரைக்கு முதல் தடவை புள்ளி போடப் போவதில்லை. பிழையை மட்டும் காட்டுவேன். திரும்ப எழுதி வருகிறதற்குத்தான் புள்ளி. கொப்பி திருத்துகிற வேலை இரண்டு மடங்கு ஆகும். ஆகட்டும்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். கலியாண வீட்டில், பள்ளி வாசலில், கடைத் தெருவில் ரிசல்ட் கேட்காதீர்கள். பிள்ளை செகண்ட் ஷை என்று சொன்னால் “அப்படியா...” என்று இழுக்காதீர்கள். “எந்தப் பாடம் கஷ்டம்? யாராவது சொல்லித்தர வேணுமா?” என்று கேளுங்கள். அந்தப் பாடம் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் அனுப்பி வையுங்கள்.

அந்த உம்மா இதை வாசித்தால்: அடுத்த கலியாணத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். குரலைத் தாழ்த்தத் தேவையில்லை. பயோவில் விளங்காத பகுதி எது என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வராத பாடம்தான், ஆனால் வருகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

திரும்ப எழுதுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக. ஆமீன்.