கம்பெனி இணைப்பும் வர்த்தகப் போரும்

திருப்பாதிரிப்புலியூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கடற்கரையோரம் சிதைந்து கிடக்கும் செயிண்ட் டேவிட் கோட்டையை நம் வாசகர்கள் அறிவார்கள். அவ்விடத்தை 1690-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கிற்று. அதற்குப் போட்டியாக 1698-ல் இங்கிலாந்தில் மற்றொரு கம்பெனி தோன்றிற்று. 1708-ல் கோடோல்பின் பிரபுவின் தீர்ப்பின்படி இரண்டும் ஒன்றாயின. அப்போது பிரான்சுடன் யுத்தம். கஜானாவுக்குப் பணம் தேவை. ஆகவே 12 லட்சம் பவுன் வட்டியில்லாக் கடன் பெற்றுக்கொண்டே அந்த இணைப்புக்குச் சம்மதம் கிடைத்தது. நியாயம் பேரமாயிற்று. அதனால் பலம் பெற்ற ஏகபோகம் நம்மை என்ன செய்தது என்பதற்குச் சரித்திரமே சாட்சி.

முந்நூறு வருஷங்கள் சென்றும் இவ்வழக்கம் ஒழியவில்லை. 2018-ல் அமெரிக்காவும் சீனாவும் சுங்கவரிகளை ஏவிப் பொருதன. அவ்வமயம் அமெரிக்கக் குவால்காம் கம்பெனி, டச்சுக் கம்பெனியான என்.எக்ஸ்.பி.யை 4,400 கோடி டாலருக்கு வாங்கக் காத்திருந்தது. சீன அதிகாரிகள் சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஜூலையில் கெடு கடந்தது; ஒப்பந்தம் முறிந்தது; குவால்காம் 200 கோடி டாலர் ஈடு செலுத்திற்று. வர்த்தகச் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லையென்று சீன சர்க்கார் கூறினர். நம்பியவர் சிலரே.

நமது தேசத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்துத் தலேகாவிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்கச் சீனாவின் கிரேட் வால் கம்பெனி 2020 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தது. ஏப்ரலில், நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு முன் அனுமதி கட்டாயமென இந்திய சர்க்கார் விதித்தனர். ஜூனில் கல்வானில் நம் வீரர் 20 பேர் உயிர்நீத்தனர். அனுமதி கிட்டாமலே 2022-ல் ஒப்பந்தம் காலாவதியாயிற்று. அடுத்த வருஷமே ஹூண்டாய் அந்த ஆலையை வாங்க முன்வந்தது. ஆனால் இடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர்.

எல்லையில் இரத்தம் சிந்திய பின்னர் சர்க்கார் எச்சரிக்கையாயிருந்ததை நாம் குறை கூறோம். அந்நிய மூலதனத்தை மறுக்கும் உரிமை சுதந்திர தேசத்தின் உரிமை. மறுப்பதாயின் வெளிப்படையாக மறுக்கவேண்டும் என்பதே நமது வாதம். 2023-ல் திருத்தப்பட்ட போட்டிச் சட்டம், இணைப்புகளைப் பற்றி முடிவு கூறப் போட்டி ஆணையத்துக்கு 150 நாள் கெடு விதித்துள்ளது. தேசப் பாதுகாப்பை முன்னிட்ட அனுமதியும் சட்டத்தின் கெடுவுக்கும், காரணம் கூறும் கடமைக்கும் உட்பட்டதாக வேண்டும்.

வல்லரசுகள் மௌனத்தை ஆயுதமாக்கும்போது நாம் மட்டும் விதி பேசுவதா என்று சிலர் கேட்கலாம். மௌனம் பகைவனை மட்டும் தாக்குவதில்லை; நம் தொழிலாளியையும் தாக்குகிறது. சர்க்காரின் சம்மதம் சந்தைச் சரக்கன்று. இதை மறந்தால் வரும் கேட்டைத் தேவனாம்பட்டினத்துக் கோட்டைச் சுவர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன.