பற்றரி வாங்க முதல் தபால்பெட்டியைப் பாருங்கோ



போன எபிசோடில் வானுக்குள் இருந்து வேலை செய்கிற செட்டப் பற்றிக் கதைத்தோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் முக்கால்வாசி பற்றரியும் சோலாரும்தான். எத்தனை ஆம்பியர், எத்தனை பேனல், ஸ்டார்லிங்க் எவ்வளவு இழுக்கும்? நியாயமான கேள்விகள். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆனால் வாற வருசம் வீட்டை விட்டுவிட்டு வானிலேயே போர்த்துக்கல் வரை போக ஆயத்தம் செய்யிற ஆளாக ஒன்று சொல்லவேணும். கரண்ட் கணக்குத்தான் இதில் லேசான பகுதி.

சுருக்கமாகப் போட்டுக் காட்டுகிறேன். லப்டொப் 60 வாட், எட்டு மணித்தியாலம்: 480 வாட் அவர். இன்டர்நெட் டிஷ் சின்னது 30 வாட், பத்து மணித்தியாலம்: 300. சின்ன பிரிட்ஜுக்கு ஒரு 400. மொத்தம் 1,180. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பற்றரி ஒன்றில் இருப்பது 1,280. ஒரு நாள் தாங்கும், ரைஸ் குக்கர் போட்டால் தாங்காது. டிசம்பரில் பாரிஸ் வெயிலை நம்பி 400 வாட் பேனலைக் கூரையில் படுக்கவைத்தால், தேவையில் கால்வாசி வந்தாலே பெரிய விசயம். ஆகவே இரண்டு பற்றரி, வான் ஓடும்போது என்ஜினிலிருந்து சார்ஜ். சாதாரண கார் லைசென்சுக்கு மொத்த எடை 3,500 கிலோ, நூறு லீற்றர் தண்ணியே அதில் நூறு கிலோ. ஒரு எக்ஸெல் ஷீட், ஒரு பின்னேரம். முடிஞ்சுது.

அந்த ஷீட்டில் வராதது தபால்பெட்டி.

எங்கட துறையில் எதையும் நேராக புரொடக்சனில் போடமாட்டோம், முதல் டெஸ்ட். அதனால் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தேன். பொண்டியில் என்ர வீட்டுச் சாவியை அக்காவிடம் குடுத்துவிட்டு, ஊரில் இல்லாத மாதிரியே இருந்தேன். பெட்டியை நான் திறக்கக்கூடாது, அதுதான் விதி.

ஒன்பதாம் நாள் ஒரு ரெக்கொமாந்தே (பதிவுத் தபால்) வந்த துண்டு பெட்டிக்குள் கிடந்தது. அக்கா எடுக்கப் போனா, குடுக்கேல்லை. நான் எழுதிக் குடுத்த அதிகாரப் பத்திரம் அவவிடம் இல்லை. தபால் கந்தோர் 15 நாள் வைத்திருக்கும், பிறகு அனுப்பினவருக்கே திரும்பிவிடும். உள்ளே இருந்தது, 30 நாளுக்குள் பத்திரங்கள் அனுப்பச் சொன்ன ஒரு கடிதம். நான் எடுக்காமல் விட்டாலும் கெடு ஓடத் தொடங்கியிருக்கும். நான் உண்மையாகவே போர்த்துக்கலில் நின்றிருந்தால்?

"இப்ப எல்லாம் ஒன்லைன்தானே" என்று சொல்லுவீங்கள். பாதி சரி. ஆனால் அந்த ஒன்லைன் கணக்குகள் எல்லாம் ஒரு முகவரியிலும் ஒரு போன் நம்பரிலும்தான் தொங்குது. வங்கி அனுப்புற கோட் பிரெஞ்சு நம்பருக்கு வரும். 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் இலவசம் என்றாலும், நாலு மாதக் கணக்கில் வெளிநாட்டிலேயே கூட நின்றால் கொம்பனி கேள்வி கேட்கலாம், மேலதிகமாக அறவிடவும் செய்யலாம். வேறு ஐரோப்பிய நாட்டில் இருந்து வேலை செய்ய ஏ1 பத்திரம் வேணும். வசிப்பிட அடிப்படையிலான மருத்துவக் காப்புறுதி தொடர, வருசத்தில் ஆறு மாதத்துக்கு மேல் பிரான்சில் வாழவேணும். சக்கரம் ஓடினாலும் ஆள் ஒரு இடத்தில் பதிந்திருக்கவேணும்.

இது புதுசும் இல்லை. 1969 சட்டத்தின்படி, வண்டிகளில் வாழ்ந்த ஆக்கள் தனிப் பத்திரம் வைத்திருக்கவேணும், ஒரு நகரசபையோடு பதியவேணும், அங்கே மூன்று வருசம் பதிவில் இருந்தால்தான் வாக்கு. அந்த மூன்று வருச விதியை 2012இல் அரசியலமைப்புச் சபை தள்ளியது. அந்தப் பத்திரங்கள் முழுசாக ஒழிந்தது 2017இல். இன்று நிலையான வீடு இல்லாதவர்களுக்கு நகரசபையின் சமூக நிலையமோ அனுமதி பெற்ற சங்கமோ முகவரி குடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று மாதம் தொடர்பு இல்லாவிட்டால் நிறுத்தலாம். அதோடு அது வழியில்லாத ஆக்களுக்கு உள்ள வசதி. சம்பளம் எடுக்கிற நான் ஆசைக்குப் போய் அந்த வரிசையில் நிக்கிறது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்ப மிச்சம் அக்காதான். கேட்டேன். "நீ ஊர் சுத்த நான் உனக்குத் தபால்காரியோ?" என்றா. அம்மா பக்கத்தில் இருந்து, "நாங்கள் வீடில்லாமல் திரிஞ்சது காணாதெண்டு நீ காசு குடுத்துத் திரியப் போறியோ?"

அப்பா மட்டும் வேறொரு கதை சொன்னார். 1989இல் அவர் வந்தபோது ஒஃப்ராவுக்குக் குடுத்த முகவரி, லாசப்பலில் ஒரு அண்ணையின் அறை. ஒரு பெட்டியில் பதினொரு பெயர். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான். அந்த அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் பெட்டியைத் திறந்து பெயர் பார்த்து, கடிதத்தை அவரவர் கோப்பை கழுவுற ரெஸ்ரோரன்ற் வரைக்கும் கொண்டுபோய்க் குடுப்பாராம். "நாலு வருசம் அந்தாள் எங்கயும் லீவில போகேல்லையடா."

என்ர கருத்து இதுதான். வான் வாழ்க்கை வீடியோக்கள் சொல்லுற சுதந்திரத்துக்குப் பின்னால், நகராமல் இருக்கிற ஒராள் இருக்கிறார். கனக்க நேரம் அது ஒரு அக்கா, ஒரு அம்மா. அவர்களைச் சும்மா கிடைக்கிற சேர்வர் மாதிரிப் பாவிக்காதேங்கோ. தபால் அதிகாரப் பத்திரம் போற முதலே எழுதிக் குடுங்கோ. எதைத் திறக்கலாம், எதைப் போட்டோ எடுத்து அனுப்பவேணும் என்று ஒரு தாளில் எழுதுங்கோ. பேக்கப் கோடுகளைப் பிரின்ற் எடுத்து வையுங்கோ, கோட் எல்லாம் எஸ்எம்எஸ்ஸில் மட்டும் தங்கி நிக்க விடாதேங்கோ. அவவின் நேரத்துக்கு ஒரு ஈடு பேசுங்கோ. பிறகு பற்றரி வாங்கலாம்.

அக்கா கடைசியில் ஓமெண்டா. ஒரு கண்டிசன்: ஆகஸ்டில் நான் பொண்டிக்கு வந்து பெட்டியைப் பார்க்கவேணும், வான் அவவுக்கு. இப்ப எக்ஸெல் ஷீட்டில் இன்னொரு வரி சேர்ந்திருக்கு. அவவுக்கு ரைஸ் குக்கர் கட்டாயமாம்.

உங்கட பெட்டியை ஆர் பாக்கினம்? இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, அடுத்த எபிசோடில் கதைப்போம்.