எட்டின் சாஸ் யாருக்குச் சொந்தம்?

விடலைப் பிள்ளைகளுக்காக எடுக்கப்படும் நகைச்சுவைப் படங்களை வரலாற்று ஆவணமாக யாரும் எடுத்து வைப்பதில்லை. 1997 ஜூலையில் வெளிவந்த ‘குட் பர்கர்’ படத்தை எடுத்து வைக்க வேண்டும் என்பேன்.

கதை சின்னது. விடுமுறை தொடங்கும் வேளையில் அம்மாவின் காரை எடுத்துப்போய் ஆசிரியரின் காரில் மோதிவிடுகிறான் டெக்ஸ்டர். நஷ்டஈட்டுக்குப் பணம் வேண்டும். புதிதாக முளைத்த பிரம்மாண்டமான மாண்டோ பர்கரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து விரட்டப்பட்டு, எதிரே இருக்கும் பழைய குட் பர்கரில் ஒதுங்குகிறான். அங்கே கல்லாவில் நிற்பவன் எட், சூதுவாது தெரியாதவன். பெரிய கடை, தடைசெய்யப்பட்ட ரசாயனத்தைக் கலந்து இறைச்சியை ஊத வைக்கிறது. சின்னக் கடையைக் காப்பாற்றுவது எட் தன் கையால் கலக்கிய சாஸ். கடைசியில் மாண்டோ தன் ரசாயனத்தாலேயே வெடித்துச் சிதறுகிறது. கீனன் தாம்சனும் கெல் மிட்செலும் அந்த இரு பையன்களாகவே வாழ்ந்திருக்கிறார்கள்.

படப்பிடிப்பு நடந்த கடை கலிபோர்னியாவின் வெஸ்ட் கோவினாவில் இருந்தது. அதை ஒட்டிய பால்ட்வின் பார்க்கில்தான் 1948இல் ஹாரி, எஸ்தர் ஸ்னைடர் தம்பதி இன்-அன்ட்-அவுட் கடையைத் திறந்தார்கள். அதே ஆண்டு, கிழக்கே சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையைச் சில மாதங்கள் மூடி அடுப்படியையே மாற்றினார்கள். காரருகே வந்து பரிமாறிய பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் போய்க் காகிதம் வந்தது. உணவுப்பட்டியலில் இருந்த இருபத்தைந்து வகை ஒன்பதாகச் சுருங்கியது. ஒருவர் இறைச்சியைப் புரட்டுவார், இன்னொருவர் ரொட்டியில் வைத்துச் சுற்றுவார், மூன்றாமவர் மில்க் ஷேக் மட்டும் பார்ப்பார். எல்லாப் பர்கரிலும் ஒரே அளவு கெட்சப், கடுகு, வெங்காயம், ஊறுகாய்த் துண்டுகள். விலை 15 சென்ட்.

விலைக் குறைப்பைப் பற்றித்தான் உலகம் பேசியது. எனக்குப் பெரிதாகப் படுவது, சமையல் தெரிந்த ஆள் இல்லாமலே சமையலறை நடக்கும் என்று அவர்கள் காட்டியது. சமையல்காரர் போனால் கடை முடங்கும் என்ற பயம் முதலாளிக்குத் தீர்ந்தது. பிற்காலத்தில் டெக்ஸ்டர் வயதுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அந்த இடத்துக்கு வந்தார்கள். வருவதும் போவதுமாக இருந்ததால் அவர்களுக்குச் சம்பளம் பெரிதாக உயரவில்லை.

எதிரெதிர்க் கடைகளின் சண்டை நிஜத்தில் எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1961இல், மெக்டொனால்ட்ஸ் கிளை உரிமைகளை விற்றுவந்த ரே கிராக் 27 லட்சம் டாலர் கொடுத்துச் சகோதரர்களிடமிருந்து நிறுவனத்தை வாங்கினார். சான் பெர்னார்டினோ கடை மட்டும் அவர்களிடம் தங்கியது. பெயர் கைமாறிவிட்டதால் தங்கள் குடும்பப் பெயரையே பலகையிலிருந்து இறக்கி ‘பிக் எம்’ என்று மாற்றினார்கள். கிராக் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் திறந்தார். சில ஆண்டுகளில் பிக் எம் மூடப்பட்டது. சின்னக் கடை வெல்லும் முடிவு திரையில் கிடைத்தது. தொழிலைத் தொடங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே அந்த சாஸ் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1948இல் அடுப்படியிலிருந்து வெளியேற்றப்பட்ட கைப்பக்குவம், அரை நூற்றாண்டு கழித்து ஒரு வெகுளிப் பையனின் டப்பாவில் திரும்பி வருகிறது. வந்ததுமே என்ன ஆகிறது? நண்பன் டெக்ஸ்டர் ஓர் ஒப்பந்தத்தை நீட்டுகிறான், எட் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறான், லாபத்தில் பெரும்பங்கு டெக்ஸ்டருக்கு. சிரித்துக்கொண்டே கடந்துவிடும் இக்காட்சிதான் படத்தின் உயிர் என்று நினைக்கிறேன். ஏமாற்றுபவன் எதிர்க்கடைக்காரன் அல்லன், அதே அடுப்படியில் உடன் நிற்பவன். டெக்ஸ்டர் வெட்கப்பட்டு அந்தத் தாளைக் கிழிப்பதைப் படம் காட்டுகிறது. முதலாளி தன் பங்கை எப்படிக் கணக்கிட்டார் என்று அது கேட்கவேயில்லை.

படம் வந்த கோடை துரித உணவுத் தொழிலுக்குச் சாதாரணமானதல்ல. ஜூனில் லண்டனில், மெக்டொனால்ட்ஸ் தொடுத்த அவதூறு வழக்கில், ஹெலன் ஸ்டீல், டேவிட் மோரிஸ் என்ற இரு ஏழை ஆர்வலர்களுக்கு எதிராக, அவர்கள் சுமத்திய சில குற்றச்சாட்டுகள் உண்மை என்று ஏற்றுக்கொண்டே, தீர்ப்பு வந்தது. ஆகஸ்டில் ஹட்சன் ஃபுட்ஸ் 2.5 கோடி பவுண்டு அரைத்த மாட்டிறைச்சியைத் திரும்பப் பெற்றது. செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலரானது.

2023இல் வந்த இரண்டாம் பாகத்திலும் எட் ஒரு தாளில் கையெழுத்திட்டு ஏமாறுகிறான். இம்முறை ஒரு பெருநிறுவனம், ஊழியர்கள் இடத்தில் இயந்திர மனிதர்களை நிறுத்தப் பார்க்கிறது. மறு ஆண்டு ஏப்ரலில் கலிபோர்னியாவில், துரித உணவுக் கடை ஊழியர்களுக்கு மணிக்கு 20 டாலர் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் அறுபது கிளைகளுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். முதல் படத்தில் ஒற்றைக் கடையில் வேலைக்கு நிற்கும் எட்டைப் போன்றவனுக்கு அந்த ஆண்டின் பொதுக் குறைந்தபட்சமான 16 டாலர்தான் சட்டப்படி உறுதி. மாண்டோ ஒரு பெருநிறுவனத்தின் கிளை என்றால், அங்கே அவனுக்கு 20. கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று மாண்டோ அழைத்தும் போகாதவன் அவன். அவனுடைய விசுவாசத்தைக் காட்டிச் சின்னக் கடைகளுக்கு விலக்குக் கேட்பவர்கள், அந்த நாலு டாலரை அவன் சட்டைப்பையிலிருந்துதான் எடுக்கிறார்கள். சட்டம் ஒற்றைக் கடைக்கும் நீள வேண்டும்.